வாடகை வீட்டுக்குக் காப்பீடு: சேலத்து வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொதுக் காப்பீட்டுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். சேலம் அழகாபுரத்தில் இரண்டு போர்ஷன்களை வாடகைக்கும் விட்டிருக்கிறேன். இந்த இரண்டும் தெரிந்துபோனதால், மாலை நடைக்குப் போனால்கூட யாராவது ஒருவர் பாலிசியைப் பற்றிக் கேட்காமல் விடுவதில்லை. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேயாக இருப்பதால் அவற்றைத் தொகுத்து எழுதியிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. பதில்கள் வீட்டுக்காரரின் பக்கத்திலிருந்து சொல்லப்பட்டவை.

“வாடகைக்கு விட்ட வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டே ஆகணும்னு சட்டம் இருக்குங்களா?”

இல்லை. வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாக இருப்பதுபோல் குடியிருப்பு வீட்டுக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. வீட்டுக் கடன் கொடுத்த வங்கி கேட்டால், அது கடன் ஒப்பந்தத்தின் நிபந்தனை மட்டுமே.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், கட்டட அமைப்பு சார்ந்த பழுதுகளை உரிமையாளரின் பொறுப்பிலும், சுவிட்ச், குழாய் வாஷர் போன்ற அன்றாடச் சில்லறைப் பழுதுகளைக் குடியிருப்பவரின் பொறுப்பிலும் வைக்கிறது. தீயிலோ வெள்ளத்திலோ சுவர் போனால் அதை எழுப்ப வேண்டியவர் நீங்கள்தான். அதே சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொள்ளாத வரை, வாங்கக்கூடிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பதால், அந்தப் பணத்தை நம்பிக் கட்டடத்தை விட்டுவைக்க முடியாது.

“லோன் வாங்கும்போதே பாங்க்ல இன்சூரன்ஸ் பிடிச்சுட்டாங்களே, அது போதாதா?”

அந்தப் பாலிசியை முதலில் எடுத்துப் படித்துப் பாருங்கள். என்னிடம் கொண்டுவரப்பட்டவற்றில் பல, கடன் வாங்கியவர் இறந்தால் மீதிக் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடாகவே இருந்தன. அவற்றில் வீட்டைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. வீட்டின் கதவு எண்ணும், “தீ”, “வெள்ளம்” என்ற சொற்களும் பாலிசியில் இல்லையென்றால் உங்கள் கட்டடத்துக்குக் காப்பீடு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டடத்துக்கே எடுத்திருந்தாலும் இரண்டை மட்டும் சரிபார்க்க வேண்டும். ஒன்று, காப்பீட்டுத் தொகை கடன் தொகையின் அளவுக்கு மட்டும் எடுக்கப்பட்டிருக்கிறதா என்பது. மற்றொன்று, கடன் முடிந்ததோடு பாலிசியும் முடிந்துவிட்டதா என்பது. கடனை அடைத்துப் பத்திரத்தை மீட்ட மகிழ்ச்சியில், அன்றோடு வீடு காப்பீடு இல்லாமல் நிற்பதைப் பலர் கவனிப்பதே இல்லை.

“சரி, கடைக்குப் போய் எந்தப் பாலிசின்னு பேர் சொல்லிக் கேக்கறது?”

குடியிருப்பு வீடாக இருந்தால் “பாரத் கிருஹ ரக்ஷா” என்று கேளுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொதுவான பாலிசி இது. 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது, எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றே. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, பாறை உருளுதல், காட்டுத்தீ, மரமோ வண்டியோ வந்து மோதுவது, கலவரம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிவது ஆகியவை இதில் அடங்கும். கட்டடம் என்றால் நான்கு சுவர் மட்டுமன்று. சுற்றுச்சுவர், கேட், தாங்குசுவர், கழிவுநீர்த் தொட்டி, நிலையாகப் பொருத்திய தண்ணீர்த் தொட்டி, சோலார் பலகை ஆகியவையும் கட்டடத்தோடு சேர்ந்தவை.

வீட்டில் உரிமையாளர்தான் குடியிருக்க வேண்டும் என்று இந்தப் பாலிசி கேட்பதில்லை. வாடகைக்கு இருப்பவரின் குடியிருப்பாக இருந்தாலும் கட்டடத்துக்குக் காப்பீடு உண்டு. ஆனால் பாலிசி கேட்டு நிரப்பும் முன்மொழிவுப் படிவத்தில் “சொந்த உபயோகம்” என்று முகவர் தாமாகவே டிக் அடித்துவிடுவது சகஜம். வாடகைக்கு விட்டிருப்பதைச் சொன்னால் பிரீமியம் எகிறிவிடும் என்று பயந்து பலர் அதை அப்படியே விட்டும் விடுகிறார்கள். இந்தப் பக்கத்தில் கீழே வரும் சிக்கல்களில் பாதி, அந்த ஒரு டிக்கிலிருந்து பிறப்பவை. படிவத்தை நீங்களே நிரப்பி, நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

“எவ்வளவு தொகைக்குப் போடறது? இடத்தோட சேர்த்தா ஒண்ணரைக் கோடி போகுமே!”

இடம் எரியாது. எனவே அதற்குக் காப்பீடும் இல்லை. உள்ளளவுப் பரப்பை, அதாவது கார்ப்பெட் ஏரியாவை, இன்று ஒரு சதுர அடி கட்ட ஆகும் செலவால் பெருக்கினால் வருவதே காப்பீட்டுத் தொகை. 1,000 சதுர அடி வீட்டை மீண்டும் கட்ட அடிக்கு 2,200 ரூபாய் ஆகும் என்று உங்கள் மேஸ்திரி கணக்குச் சொன்னால், தொகை 22 லட்சம் ரூபாய். பேர்லாண்ட்ஸில் இருக்கும் வீட்டுக்கும் கொண்டலாம்பட்டியில் இருக்கும் வீட்டுக்கும் மனை விலையில் எவ்வளவு வேறுபாடு இருந்தாலும், செங்கல்லும் கம்பியும் ஏறக்குறைய ஒரே விலைதான். வழிகாட்டி மதிப்பைப் பார்த்துப் பாலிசி எடுப்பவர் தேவையில்லாமல் பிரீமியம் கட்டுகிறார். பத்து வருடத்துக்கு முன் கட்டிய செலவை எழுதுபவர் பின்னால் கையைப் பிசைகிறார்.

கிருஹ ரக்ஷாவில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. பல வருடங்களுக்குச் சேர்த்து, அதிகபட்சம் 10 வருடங்கள் வரை, எடுத்தால் கட்டடத்தின் காப்பீட்டுத் தொகை ஒவ்வொரு வருடமும் 10 சதவீதம் தானாகவே உயரும். அதற்குக் கூடுதல் பிரீமியம் இல்லை. காப்பீட்டுத் தொகை குறைவாக இருந்ததென்று இழப்பீட்டை விகிதாசாரப்படி வெட்டுவதும் இந்தப் பாலிசியில் கிடையாது. எடுத்த தொகை வரைக்கும் இழப்பு முழுமையாகக் கிடைக்கும். இந்தச் சலுகை கடைகளுக்கு இல்லை என்பதைக் கீழே பார்க்கலாம். கட்டட வல்லுநர் கட்டணத்துக்கு இழப்பீட்டில் 5 சதவீதமும், இடிபாடுகளை அகற்ற 2 சதவீதமும் தனியே உண்டு.

“குடியிருக்கறவங்க டிவி, பீரோவெல்லாம் எரிஞ்சா நம்ம பாலிசில வருமா?”

வராது. உங்களுக்கு உடைமை இல்லாத பொருளுக்கு நீங்கள் காப்பீடு எடுக்க முடியாது. அவர் தம் பொருள்களுக்குத் தனியே எடுத்துக்கொள்ளலாம். அதை வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

நீங்கள் போட்டுக் கொடுத்திருக்கும் கட்டில், ஏசி, பிரிட்ஜ் ஆகியவற்றின் கதை வேறு. கிருஹ ரக்ஷாவில் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே கிடைக்கும் என்று முகவர் சொல்வார். அது தாம் வசிக்கும் வீட்டை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது. வாடகைக்கு விட்ட வீட்டுக்குப் பட்டியல் கொடுத்து, அந்தப் பொருள்களுக்கும் காப்பீடு உண்டு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: மின்னழுத்தம் ஏறி ஏசி கருகினால், அந்த ஏசிக்கு இழப்பீடு இல்லை; அதிலிருந்து தீ பரவி அறை எரிந்தால் அறைக்கு உண்டு.

“வீடு ரெண்டு மாசமா காலியாக் கெடக்குது. குழாயெல்லாம் கழட்டிட்டுப் போயிட்டான். கிடைக்குமா?”

பெரும்பாலும் கிடைக்காது. கிருஹ ரக்ஷாவில் திருட்டு என்பது, தீ, வெள்ளம் போன்ற சம்பவம் நடந்து, அதன் காரணமாக 7 நாள்களுக்குள் நடக்கும் திருட்டு மட்டுமே. சாதாரணப் பூட்டு உடைப்புக்குத் தனியாகத் திருட்டுக் காப்பீடு அல்லது வீட்டுத் தொகுப்புப் பாலிசி எடுக்க வேண்டும். அவற்றிலும் வீடு தொடர்ந்து 30 நாள்களுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் தனி நிபந்தனை வைப்பது வழக்கம். ஆடி மாதம் காலியான வீட்டுக்குத் தை வரை ஆள் வராமல் போவது நம் ஊரில் புதிதல்ல. காலியான வாரமே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் ஒன்று போட்டுவிடுங்கள்.

“ஆறு மாச வாடகை தராம ஓடிட்டான், செவுத்தையும் நாசம் பண்ணிட்டான். இதுக்கு ஏதாச்சும்?”

இல்லை. வாடகை பாக்கி இந்தப் பாலிசிகளில் வராது. ஆணியடித்த சுவர், கறுத்த சமையலறை, உடைந்த கழிப்பறைக் கோப்பை ஆகியவை தேய்மானம் அல்லது கவனக்குறைவு. அதற்காகத்தான் அட்வான்ஸ்.

“தீ பிடிச்சு ரிப்பேர் முடிய எட்டு மாசம் ஆச்சு. அந்த வாடகை போனது போனதுதானா?”

போக வேண்டியதில்லை. காப்பீடு செய்த சம்பவத்தால் வீடு குடியிருக்கத் தகுதியற்றதாகிவிட்டால், பழுது பார்க்க நியாயமாக ஆகும் காலத்துக்கான வாடகை இழப்பையும் கிருஹ ரக்ஷா ஈடுகட்டும். அதிகபட்சம் மூன்று வருடங்கள். வீடு குடியிருக்கத் தகுதியற்றது என்று கட்டட வல்லுநரோ உள்ளாட்சி அமைப்போ கொடுக்கும் சான்றிதழ் வேண்டும். வீட்டுக்காரர்கள் கேட்காமலேயே விட்டுவிடும் இழப்பீடு இதுதான். இழப்பை மதிப்பிட வரும் சர்வேயர் தாமாக நினைவுபடுத்துவார் என்று காத்திருக்காதீர்கள்.

இங்கேதான் ரொக்கமாக வாங்கிய வாடகை கழுத்தைப் பிடிக்கிறது. 14,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒப்பந்தத்தில் 7,000 என்று எழுதியிருந்தால், எதை இழந்ததாகச் சொல்வீர்கள்? எழுத்து ஒப்பந்தம், வாடகை ஆணையத்தில் செய்த பதிவு, வங்கிக் கணக்கில் வரவு ஆகிய மூன்றும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும்.

“கீழ் போர்ஷனைக் குடும்பத்துக்குன்னு வாங்கிட்டு வெள்ளிப் பட்டறை வெச்சுட்டாங்க. நமக்குப் பிரச்சினையா?”

ஆம், பெரிய பிரச்சினை. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கங்களில் இந்தக் கேள்வி வராத மாதமில்லை. கொலுசுக்குப் பற்றவைக்கும் இடத்தில் எரிவாயு உருளையும் அமிலமும் இருக்கும். அது குடியிருப்பு வீட்டுக்கான பிரீமியத்துக்குள் அடங்கும் ஆபத்து இல்லை. தறி போட்டாலும், ஜவ்வரிசி மூட்டை அடுக்கிக் கிடங்காக்கினாலும் கணக்கு இதேதான். வீட்டை எதற்குப் பயன்படுத்துவதாகச் சொல்லிப் பாலிசி எடுத்தீர்களோ, அந்தப் பயன்பாடு மாறினால் நிறுவனத்துக்கு உடனே தெரிவித்துப் பாலிசியில் திருத்தம் வாங்க வேண்டும். “எனக்கே தெரியாமல் வைத்துவிட்டார்” என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் மாதம் தவறாமல் வாடகை வாங்கப் போனவருக்கு அது எப்படித் தெரியாமல் போனது என்ற அடுத்த கேள்விக்குப் பதில் சொல்வது கடினம். சுயதொழில் செய்பவர் வீட்டிலேயே தையலோ கணக்கெழுதுவதோ செய்வதில் சிக்கல் இல்லை, அதையும் பாலிசியில் குறிப்பிட்டிருந்தால்.

முழுக் கடையாகவோ பட்டறையாகவோ ஆகிவிட்ட பகுதிக்கு “பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா” பாலிசியைப் பாருங்கள். ஓரிடத்திலுள்ள சொத்தின் மதிப்பு 5 கோடி ரூபாய் வரை இதில் எடுக்கலாம். இங்கே முன்பு சொன்ன சலுகை கிடையாது: காப்பீட்டுத் தொகை உண்மை மதிப்பைவிட 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள், அதற்கு மேல் குறைந்தால் இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும். 40 லட்சம் பெறும் கடைக் கட்டடத்துக்கு 20 லட்சத்துக்குப் பாலிசி எடுத்து, 6 லட்சத்துக்குச் சேதமானால், கைக்கு வருவது ஏறக்குறைய 3 லட்சம்தான். கீழே கடையும் மேலே வீடும் இருந்தால் இரண்டையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

“ஏற்காட்டுல ஒரு வீடு இருக்குது. சனி, ஞாயிறு மட்டும் டூரிஸ்டுக்கு விடறோம். அதுவும் வாடகைதானே?”

வாடகை என்ற சொல் ஒன்றுதான். காப்பீட்டில் இரண்டும் வேறு. பதினோரு மாத ஒப்பந்தத்தில் ஒரு குடும்பம் வசிப்பது குடியிருப்பு. இன்று ஒருவர், நாளை ஒருவர் என்று தங்கிச் செல்வது விடுதித் தொழில். அதைக் கிருஹ ரக்ஷாவில் குடியிருப்பு என்று காட்டி எடுத்தால் இழப்பு நேரும் நாளில் கைவிரிக்க இடம் கொடுத்தவர்கள் ஆவீர்கள். ஹோம்ஸ்டே என்று வெளிப்படையாகச் சொல்லி, தொழில் நிறுவனங்களுக்கான பாலிசியில் எடுங்கள். அதோடு, பிறருக்கு நேரும் காயத்துக்குப் பணம் தரும் பொதுப் பொறுப்புக் காப்பீடும் அவசியம். விருந்தினர் முகாம் தீ மூட்டிக் குளிர்காயும் இடத்தில் என்னவும் நடக்கலாம். வாரநாள்களில் வீடு பூட்டியே கிடக்கும் என்பதையும் மறைக்க வேண்டாம்.

“மலையில மண்ணு சரிஞ்சா பாலிசி உண்டுன்னு சொல்றாங்க, செவுரு விரிசல் விட்டா இல்லைங்கறாங்க. ரெண்டும் ஒண்ணுதானே?”

ஒன்றல்ல. ஏற்காட்டுக்காரர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இது. திடீரென நேரும் நிலச்சரிவு, பாறை உருளுதல், கட்டடம் நிற்கும் நிலம் அமிழ்வது ஆகியவற்றுக்குக் காப்பீடு உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது பலருக்கு நினைவிருக்கும். அத்தகைய சரிவில் வீடோ தாங்குசுவரோ போனால் அது காப்பீட்டுக்குள் வரும். புதுக் கட்டடம் இறங்கி விரிசல் விடுவது, மண் கொட்டி நிரப்பிய இடம் அமுங்குவது, தவறான வடிவமைப்பு, மட்டமான பொருள், அருகில் பள்ளம் தோண்டும் பணி ஆகியவற்றால் வரும் சேதத்துக்கு இழப்பீடு இல்லை.

மலைச்சரிவில் வீடு கட்டுபவர்கள் மேல் பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ் பக்கம் கொட்டித் தளம் சமன் செய்கிறார்கள். ஆகவே பாதி வீடு இயற்கை நிலத்திலும் பாதி நிரப்பிய நிலத்திலும் நிற்கிறது. விரிசல் வரும்போது அது எந்தப் பாதியில் வந்தது என்பதே சர்வேயர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும். பக்கத்து மனையில் ஜேசிபி இறங்கிய அன்றே உங்கள் சுவர்களைத் தேதியுடன் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பக்கத்து மனைக்காரரிடம் ஈடு கேட்கவாவது அது உதவும். காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரம் காற்றில் சாய்ந்து ஓட்டுக்கூரையை உடைத்தால், அதற்குக் காப்பீடு உண்டு. இதில் யாரும் தகராறு செய்து நான் பார்த்ததில்லை.

“நம்ம வீடு திருமணிமுத்தாத்தங்கரையில. மழைத்தண்ணி உள்ள வந்தா?”

வெள்ளம் காப்பீட்டுக்குள் உண்டு. கிச்சிப்பாளையம், பச்சப்பட்டிப் பக்கத்துத் தாழ்வான தெருக்களில் இருப்பவர்கள் இதற்காகவே எடுக்க வேண்டும். ஆனால் மொட்டை மாடி ஓதம், சுவர் ஊறல், வருடக்கணக்கில் கசியும் குளியலறை ஆகியவை வெள்ளம் அல்ல, பராமரிப்புக் குறைவு. ஆற்றுக் கரை அரிப்பால் நிலம் போவதும் விலக்கப்பட்டதே. மழை வரும் என்று வானொலியில் கேட்டபின் பாலிசி எடுக்க ஓடிவரும் அன்பர்களுக்கு: புரட்டாசிக்கு முன்பே வாருங்கள். ஒரு முறை நானே புதுப்பிக்க ஒன்பது நாள் தாமதித்து, அந்த ஒன்பது நாளில் பெய்த மழைக்குத் தூங்காமல் இருந்திருக்கிறேன். சுற்றுச்சுவர் தப்பியது என் திறமையால் இல்லை.

“மாடிப்படிக் கைப்பிடி ஒடைஞ்சு விருந்தாளி விழுந்துட்டார். கேஸ் போட்டா யார் கட்டறது?”

பராமரிக்காத கைப்பிடி என்று நிரூபணமானால் நீங்கள். கிருஹ ரக்ஷாவின் அடிப்படைப் பாலிசி உங்கள் கட்டடத்துக்கானது. பிறருக்கு நேரும் காயத்துக்கு அது பணம் தராது. பொதுப் பொறுப்புக் காப்பீட்டைத் தனியாகவோ வீட்டுத் தொகுப்புப் பாலிசியின் ஒரு பகுதியாகவோ எடுக்க வேண்டும். நான்கைந்து குடும்பங்கள் இருக்கும் லைன் வீடுகளுக்கும் லிஃப்ட் உள்ள கட்டடங்களுக்கும் இதை நான் வற்புறுத்தியே சொல்வேன்.

“அசோசியேஷன்ல மொத்த பில்டிங்குக்கும் போட்டிருக்காங்க. நானும் தனியாப் போடணுமா?”

சங்கத்தின் பாலிசி பொது இடங்களுக்கு மட்டுமா, ஒவ்வொரு வீட்டின் உட்புறத்துக்கும் சேர்த்தா என்று செயலாளரிடம் நகல் வாங்கிப் பாருங்கள். உட்புறமும் அடங்கினால் கட்டடத்துக்கு இரண்டாவது பாலிசி வீண். இரண்டு பாலிசி இருந்தாலும் இழப்புக்கு மேல் ஒரு ரூபாய் கிடைக்காது. உங்கள் பொருள்களுக்கும் வாடகை இழப்புக்கும் என்ன ஏற்பாடு என்பதை மட்டும் தனியே பார்த்துக்கொண்டால் போதும்.

“பத்திரம் இன்னும் செத்துப்போன எங்கப்பா பேர்லயே இருக்குது. நான் பாலிசி எடுக்கலாமா?”

எடுக்கலாம், ஆனால் உங்கள் பெயரில் மட்டும் எடுத்துவிட்டுப் பாகம் பிரியாத தங்கையையும் தம்பியையும் விட்டுவிடாதீர்கள். சொத்து கெட்டால் இழப்பு யாருக்கு நேருமோ அவர்களுக்கே காப்பீட்டு உரிமை உண்டு. வாரிசுச் சான்றிதழ் பெற்று, வாரிசுகள் அனைவரின் பெயரையும் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். தந்தையின் பெயரிலேயே பாலிசியை ஆண்டுதோறும் புதுப்பித்து வரும் குடும்பங்கள் உள்ளன. பணம் வரும் நேரத்தில்தான் பாகப் பிரிவினைப் பேச்சே தொடங்குகிறது. வீட்டை விற்றாலும், அதை வாங்கியவரின் பெயருக்குப் பாலிசி தானாகப் போகாது என்பதையும் இதோடு நினைவில் வையுங்கள்.

“பிரீமியத்தை வாடகை வருமானத்துல கழிச்சுக் காட்டலாமா?”

வீட்டு வாடகை வருமானத்தில், செலுத்திய வீட்டு வரியைக் கழித்தபின், மீதியில் 30 சதவீதம் பொதுக் கழிவாகக் கிடைக்கிறது. பழுது, காப்பீடு எல்லாம் அதற்குள் அடக்கம். தனியாகக் கழிக்க முடியாது. பிரீமியத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. 2025 செப்டம்பரில் விலக்கு அளிக்கப்பட்டது தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்குத்தான்.

“சேதம் ஆயிடுச்சு. முதல்ல என்ன பண்ணணும்? மறுத்துட்டா எங்க போறது?”

சேதம் பரவாமல் தடுத்துவிட்டு, எதையும் அகற்றும் முன் படமெடுத்து, அன்றே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். க்ளெய்ம் படிவத்தை 30 நாள்களுக்குள் கொடுக்க வேண்டும். தீ என்றால் தீயணைப்புத் துறையின் அறிக்கை, திருட்டு என்றால் முதல் தகவல் அறிக்கை, இவற்றோடு வீட்டு வரி ரசீது, வாடகை ஒப்பந்தம், முன்பே சொன்ன படிவ நகல் ஆகியவற்றைச் சேர்த்து வைத்தால் சர்வேயரின் வேலை பாதியாகிவிடும். குடியிருப்பவரையும் சர்வேயர் விசாரிப்பார். அவரோடு சண்டையில் இருக்கும் வீட்டுக்காரர் இதை மனத்தில் கொள்வது நல்லது.

மறுத்தால், எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். அதன் மேல் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன்) முறையிடலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. ஐஆர்டிஏஐ ஆணையத்தின் 155255 என்ற தொலைபேசி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம். நிறுவனம் மறுத்த கடிதத்தின் உறையைக்கூடத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு வருடக் கெடுவைக் கணக்கிட அதிலுள்ள அஞ்சல் முத்திரைத் தேதி தேவைப்படும்.